பஃபின்களும் பாறைத் தூண்களும்

நம்மூரில் அக்னி நட்சத்திரச் சூடே இன்னும் ஆறியிருக்காது. இங்கே, ஸ்காட்லாந்தின் மேற்கே மல் தீவில், ஜூன் மாதப் பகலில் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு மாட்டியும் பல் கிட்டித்தது. ஓபன் துறைமுகத்தில் கப்பலேறி, மல் தீவில் இறங்கி, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒற்றைச் சாலையில் தீவின் மறுகோடிக்குப் போனால்தான் ஃபினஃபோர்ட் படகுத்துறை.

லுங்கா, ஸ்டாஃபா தீவுகளுக்கு அங்கிருந்துதான் படகு. சின்னப் படகு. டீசல் வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடித்தன. இடப்பக்கம் அயோனா தீவின் மடாலயம் தெரிந்தது. 563இல் அயர்லாந்திலிருந்து வந்த புனித கொலம்பா அங்கேதான் மடம் அமைத்தார். அந்தக் காலத்தில், இந்தக் கடலில், எஞ்சின் இல்லாமல் எப்படித்தான் வந்தார்களோ! அயோனாவைத் தாண்டியதும் அட்லாண்டிக் அலைகள் அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டன. கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

முதலில் லுங்கா தீவு. உருண்டைக் கற்கள் மேல் தடுமாறி நடந்து, சரிவில் ஏறினால் புல்வெளி. அங்கே பார்த்ததை நம்ப எனக்கு நேரம் பிடித்தது. வளைக்குள்ளிருந்து ஒரு பஃபின் பறவை வெளியே வந்து, என் காலுக்கு ஓரடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது! கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சுக் கால். அலகில் வரி வரியாக நிறங்கள். அந்த வண்ணமும் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும்தானாம், பிறகு உதிர்ந்துவிடும். இன்னொன்று கடலிலிருந்து படபடவென்று இறங்கியது. அலகின் குறுக்கே வெள்ளி நிறப் பொடி மீன்கள், வரிசையாக. ஒன்றைக்கூட நழுவவிடாமல் வளைக்குள் ஓடி மறைந்தது. உள்ளே ஒற்றைக் குஞ்சு காத்திருக்கும். மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் மீனைப் பறிக்கும் கடற்காகங்கள் நெருங்காது, அதனால்தான் இவை நம்மை ஒட்டியே நிற்கின்றன என்றார் படகோட்டி. ஒரு காட்டுப் பறவை நம்மைக் காவலாக எண்ணுகிறது என்று கேட்டபோது மனசு நிறைந்துவிட்டது. பாறை விளிம்புக்குப் போனால் வேறு உலகம்: ஆயிரக்கணக்கில் கில்லிமாட் பறவைகள், காது அடைக்கும் இரைச்சல், கருவாட்டுக் கிடங்கு போல நெடி.

அடுத்தது ஸ்டாஃபா. யாரும் குடியில்லாத குட்டித் தீவு. தூரத்தில் யாரோ கட்டிப் பாதியில் விட்ட கோயில் மாதிரி இருந்தது. கிட்டப் போனால் அத்தனையும் கருங்கல் தூண்கள்! பெரும்பாலும் அறுகோணம், உளி படாத கல். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறியபோது சுருங்கி, வெடித்து, இப்படிப் பிளந்து நின்றுவிட்டது. உடுப்பி மால்பேக்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவிலும் இதே மாதிரித் தூண்கள் உண்டு; அவை இன்னும் மூத்தவை. இங்கே வித்தியாசம், கடல் அந்தத் தூண்களைக் குடைந்து ஒரு குகையே செய்திருக்கிறது.

ஃபிங்கல் குகை. உடைந்த தூண்களின் தலைகளே நடைபாதை. ஈரம் வழுக்குகிறது. சுமார் 20 மீட்டர் உயரம், உள்ளே 70 மீட்டருக்கு நீள்கிறது. ஓர் அலை உள்ளே போகிறது, ஒரு நொடி எதுவும் இல்லை, பிறகு அடிவயிற்றில் அதிர்கிற ஒரு முழக்கம். 1829இல் இசையமைப்பாளர் மெண்டல்சன் இங்கே வந்தபோது அவருக்கு வயது 20. அவருடைய புகழ்பெற்ற ஹெப்ரைடீஸ் இசைக்கோவைக்கு இந்தக் குகையின் பெயரும் உண்டு. திரும்பச் சொல்லி மணி அடித்தும் எனக்கு நகர மனமில்லை.

போக நினைப்பவர்கள் மே முதல் ஜூலைக்குள் போய்விடுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பஃபின்கள் நடுக்கடலுக்குக் கிளம்பிவிடும். அலை பெரிதாக இருந்தால் தீவில் இறக்க மாட்டார்கள். அதனால் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் பாதையை விட்டு விலகாதீர்கள்: காலுக்கடியில் வளை இருக்கும், வளைக்குள் குஞ்சு இருக்கும்.