இல்லமும் இருவரும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, திறந்த கடலை நோக்கியவாறு அமைந்துள்ள மீனவக் கிராமம் கண்டக்குழி. சோழகம் வீசும் மாதங்களில் வீட்டின் எந்த அறையையும் விட்டுவையாது மணல் புகுந்துவிடும். காற்றுக்கில்லாத எல்லைகள் மனிதருக்கு உண்டு என்பதை அவ்வூர் இளந்தம்பதியர் இருவரின் வீடு காட்டிநின்றது.

கணவன் கடற்றொழிலாளி, மனைவி பாடசாலை ஆசிரியை. விறாந்தையில் இரு கதிரைகளும் ஒரு மேசையும் இருந்தன. பின்புறத்தில், யன்னலற்ற குசினி. மேசை ஆண்களுக்குரியது என்று எவரும் விதித்ததில்லை. ஆயினும் மாணவரின் கொப்பிகளை அவள் குசினித் தரையிலிருந்தே திருத்தினாள். வெளிவாரிப் பட்டப் படிப்புக்குப் பதிவு செய்தபின் அவளது நூல்களும் அங்கேயே புகை படிந்தன. ஈராண்டுகளில் பரீட்சையைக் கைவிடும் நிலைக்கு அவள் வந்தாள். அவளைத் தடுத்தார் எவருமிலர். அவளுக்கு இடந்தான் இருக்கவில்லை.

இல்லத்தின் உள்ளமைப்பில் ஆண் பெண் பேதம் நீங்குவதென்பது சுவரின் நிறத்தையோ திரைச்சீலையின் பூவையோ மாற்றுவதன்று. வெளிச்சமும் காற்றும் இருக்கையும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதே வினா. 1926ஆம் ஆண்டில் மார்கரெட் ஷூட்டே லிஹொட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் பிராங்க்பேர்ட் நகர வீடுகளுக்கென ஒரு சமையலறையை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அது, வீண் நடையையும் களைப்பையும் குறைத்தது. ஆயினும் ஒருவரே நின்று வேலை செய்யத்தக்க அச்சிற்றறை, பெண்ணின் சுமையைக் குறைத்த அதேவேளை அதனைப் பகிர்ந்துகொள்ள வேறொருவருக்கு இடம் வைக்கவில்லை என்ற குறையும் பின்னர் கூறப்பட்டது.

நம் நாட்டிலோ, 1918இல் பிறந்த மினெற் டி சில்வா வேறொரு வழியைக் காட்டினார். இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்த அக்னஸ் டி சில்வாவின் மகள் அவர். 1950களில் கண்டி வத்தபுளுவையில் அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறவிருந்தோரின் தேவைகளை வினாக்கொத்து மூலம் கேட்டறிந்தே வீடுகளை வரைந்தார். வாழப்போகின்றவரைக் கேட்பதே வடிவமைப்பின் முதற்படி என்பது அதன் பொருள்.

கண்டக்குழி வீட்டில் அக்கேள்வி பிந்தியே எழுந்தது. ஓலைக்கூரையை ஓடாக மாற்ற முற்பட்டபோது, தனக்கொரு மேசை வேண்டுமென அவள் முதன்முறையாகக் கேட்டாள். கணவன் வியந்தான், மேசைதான் இருக்கிறதே என்றான். பின்னர் சிந்தித்தான். பருவந்தோறும் வேற்றூர்க் கரைகளில் வாடியமைத்துத் தங்கும்போது அவனும் தோழரும் தாமே சோறாக்கி, மீன் காய்ச்சி உண்பர். அங்கு சமைக்கும் கை, வீட்டில் அடுப்பைத் தொடாததேன்?

குசினியையும் கூடத்தையும் பிரித்த சுவரின் மேற்பாதி அகற்றப்பட்டது. புகைபோக்கியும் யன்னலும் அமைந்தன. தட்டுகள் இருவருக்கும் எட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன. மேசை யன்னலடிக்கு வந்தது.

மாமி மட்டும் உடன்படவில்லை. வருவோர் போவோர் கண்ணுக்கு அடுப்படி தெரியலாமா என்றார். அது வெறும் பழமைவாதமன்று. சுவரின் மறைவிலேதான் அம்மூதாட்டி கால்நீட்டி இளைப்பாறி வந்தார். ஒருத்திக்கு வெளிச்சம் தரும் திறப்பு, இன்னொருத்தியின் ஒதுக்கிடத்தைப் பறித்துவிடலாகாது. ஆகவே பின்விறாந்தையின் ஒரு மூலை, திரையிட்டு அவருக்கென ஒதுக்கப்பட்டது.

இப்போது இரவில் மேசையின் ஒரு பாதியில் அவளது நூல்களும் மறுபாதியில் அவனது மீன் கணக்குக் கொப்பியும் கிடக்கின்றன. பரீட்சை நெருங்குங்கால் நூல்கள் முழு மேசையையும் நிறைத்துவிடுகின்றன. அவன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இடம் வரும்வரை காத்து நிற்கின்றான். அவ்வீட்டில் ஓர் ஆண் இடத்திற்காகக் காத்து நிற்பது புதிது.