கதவு மூடிக்கொண்டது

எஸ்பெராண்டோவில் 'கதவு மூடியது' என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. 'ஃபெர்மி' என்றால் யாரோ எதையோ மூடுவது. கதவு தானாக மூடிக்கொண்டால், வினைக்குள் 'இஜ்' என்ற ஒட்டைச் செருகி 'ஃபெர்மிஜிஸ்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் மூடிவைத்த கதவு என்றால் 'எஸ்தாஸ் ஃபெர்மிதா'. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. அவன் கதவை மூடினாலும் கதவே மூடிக்கொண்டாலும் அங்கே ஒரே வினைதான்.

1887-இல் வார்சாவில் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் வெளியிட்ட மொழி இது. வேலை முடிந்து வந்து ராத்திரியில் இதைப் படிக்கிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "மாண்டரின் கத்துக்கிட்டாவாவது சம்பளம் கூடும்டா." உண்மைதான். ஆனால் அந்த 'இஜ்' எனக்குத் தமிழைக் காட்டிக்கொடுத்தது.

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று இரண்டைத்தான் படித்தோம். கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் இரண்டுக்கும் நடுவே இன்னொன்று உண்டு. செயல் செய்தவனிடமே திரும்பி வரும்போது வினையின் விகுதியே மாறும். சமஸ்கிருதத்தில் அதற்கு ஆத்மநேபதம் என்று பெயர், 'தனக்கான சொல்'. நமக்கு அந்த வேலையைச் செய்வது 'கொள்'. சவரம் செய்துகொண்டான், கதவு மூடிக்கொண்டது, தீ பற்றிக்கொண்டது. எஸ்பெராண்டோவின் 'இஜ்' இதில் பாதியைத்தான் செய்கிறது. தனக்குத்தானே சவரம் செய்துகொள்ள அங்கே 'சின்' என்று தனிச்சொல் வேண்டும். இந்த விஷயத்தில் நம்ம 'கொள்' கெட்டிக்காரன்.

ஜொகூரில் வளர்ந்தவனுக்கு மூன்றாவது கணக்கும் தெரியும். மலாயில் 'டிபுக்கா' என்றால் ஒருவர் திறந்தது, 'தெர்புக்கா' என்றால் தானாகத் திறந்துகொண்டது அல்லது திறந்து கிடப்பது. முன்னால் வரும் ஓர் அசைதான் வித்தியாசம். அந்த ஓர் அசைக்காக நான் ஒரு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

பாசிர் கூடாங் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த ஆலை. ஓர் இரவு வடிகால் வால்வு ஒன்று திறந்து, கரைப்பான் தரையெல்லாம் ஊற்றிவிட்டது. யாருக்கும் காயமில்லை. காலையில் வந்த அறிக்கையில் 'இன்ஜாப் டிபுக்கா' என்று இருந்தது. வால்வு திறக்கப்பட்டது. யாரால் என்று எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. அந்த ஷிஃப்ட்டில் அங்கே நின்றவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஓர் அண்ணன். செயப்பாட்டுவினை ஆளை மறைக்கும் என்பார்கள். பெயரைத்தான் மறைக்கும், நிழலை விட்டுவைக்கும். நிழலுக்குக் கடிதம் அனுப்பலாம்.

"நான் தொறக்கல தம்பி. அதுவா தொறந்துகிச்சு."

போய்ப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் பூட்டு தேய்ந்து போயிருந்தது. பம்ப் ஓடினால் குழாய் அதிர்கிறது, கைப்பிடி தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. படம் எடுத்துக் காட்டி, 'டி'யை எடுத்துவிட்டு 'தெர்' போடுங்கள் என்றேன். இரண்டு கூட்டம் நடந்தது. மாற்றினார்கள். அண்ணனுக்குக் கடிதம் வரவில்லை.

ஆனால் 'தெர்புக்கா' மேலிடத்துக்கும் வசதியாகவே இருந்தது. தானாகத் திறந்துகொண்ட வால்வுக்கு யார் என்ன செய்ய முடியும்? கோப்பை மூடத் தயாரானார்கள் (இல்லை, கோப்பு மூடிக்கொள்ளத் தயாரானது). பூட்டை யார் மாற்றவில்லை என்று இன்னொரு வாக்கியம் கேட்டேன். 'மாற்றப்படவில்லை' என்று எழுதினார்கள். இந்த முறை நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

தொல்காப்பியத்தில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குத்தான் என்கிறது சொல்லதிகாரம். உரையாசிரியர்கள் தரும் உதாரணம், திண்ணை மெழுகிற்று. திண்ணை எதை மெழுகும்? சாணியைக் கரைத்து, குனிந்து, கையால் மெழுகியவள் அந்த வாக்கியத்தில் இல்லை. வால்வு விஷயத்தில் ஓர் ஆளைக் காப்பாற்றிய அதே அமைப்பு இங்கே ஓர் ஆளின் உழைப்பை விழுங்கிவிடுகிறது. இலக்கணம் பாவம், அதற்குப் பக்கம் கிடையாது.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வாளி சரிந்த நாளில் கிராணியிடம் "பால் கொட்டிக்கிச்சுங்க ஐயா" என்பாராம். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொல்லும்போது, "இன்னிக்குப் பால கொட்டிட்டேன்."