ஒரு பட்டனும் அம்மாவின் கட்டைவிரலும்

போன மாசம் அம்மா சுகர் மாத்திரையை ஒரே காலையில ரெண்டு தடவை போட்டுட்டாங்க. போட்டோமா இல்லையாங்கிற சந்தேகத்துல இன்னொண்ணு. பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கண்ணு இருட்டி, பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணி கொடுத்து... சரி விடுங்க, இப்போ நல்லா இருக்காங்க.

நாமதான் பொட்டி தட்டுற ஆளாச்சே! ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஆண்ட்ராய்டு ஆப் ஒண்ணு எழுதினேன். ஒரே திரை, ஒரே பட்டன். மாத்திரை போட்டதும் அமுக்கணும், நேரம் பதிவாகும். அழகா இருக்கட்டுமேன்னு மூலையில குட்டியா ஒரு டிக் படம் வச்சு, அதுக்கு ஒரு ஆன்கிளிக் லிசனர் மாட்டினேன். எமுலேட்டர்ல மவுஸால தட்டினா ஜம்முனு வேலை செஞ்சுது.

ஊருக்குப் போய் அம்மா கையில கொடுத்தேன். அமுக்குறாங்க, அமுக்குறாங்க... ம்ஹூம். "என்னை மதிக்க மாட்டேங்குதுடா இது."

பக்கத்துல உக்காந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது. என் பட்டன் 24 டிபி. 160 டிபி ஒரு அங்குலம்னு கணக்கு, அப்போ இது 4 மில்லிமீட்டர்கூட இல்லை. குறைஞ்சது 48 வைன்னு கூகுளே சொல்லுது, நான்தான் கேக்கலை. இன்னொண்ணு, விரல் பட்டதும் கிளிக் ஆயிடாது. விரலை எடுக்கும்போதுதான் ஆகும், அதுவரை விரல் பட்டனுக்குள்ளயே இருக்கணும். அம்மா விரல் லேசா நடுங்கும். வெளியே நழுவினா அந்தக் கிளிக் செல்லாது.

எப்படியோ ஒரு தடவை பட்டுது. ஆனா திரையில எந்த மாத்தமும் இல்லை. உடனே திரும்ப அமுக்கினாங்க. ரெண்டு பதிவு! எந்தச் சந்தேகத்துக்காக எழுதினேனோ, அதையே திரும்ப உண்டாக்கி வச்சிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே மாத்தினேன். திரை அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டன், மேல 'மாத்திரை போட்டாச்சு'ன்னு பெரிய எழுத்து. அமுக்கினா போன் ஒரு அதிர்வு அதிரும், பட்டன் சாம்பல் நிறமாகி 'காலை 8:05க்கு போட்டாச்சு'ன்னு காட்டும். மறுநாள் காலை வரை திரும்ப அமுக்க முடியாது.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு தடவை பார்த்துட்டு மெதுவா கேட்டாங்க, "ஏண்டா, மாத்திரை போடாமலே இதை அமுக்கிட்டா?"

அதுக்கு என்கிட்ட கோடு இல்லை மக்களே. தினமும் எட்டரைக்கு போன் பண்ணிட்டு இருக்கேன்.