மணமகள் என்ற கட்டம்

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஓர் இளைஞர், பொண்ணு ஒரு திருநங்கை. தாலி ஏறிவிட்டது; பதிவு அலுவலகத்தில்தான் சிக்கிக்கொண்டது. மனுவைத் திருப்பிவிட்டார்கள்; இந்து திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்று இருப்பது பெண்ணை மட்டுமே குறிக்கும் என்பது அரசுத் தரப்பின் வாதம். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்துகொடு என்று தீர்ப்புச் சொன்னார். தன் பாலினம் இன்னதென்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-லேயே நால்சா வழக்கில் சொல்லியிருந்தது. அது நம்ம ஊர்க் கட்டம் ஒன்றுக்குள் வந்து சேர ஐந்து வருஷம் ஆனது.

நான் பாதி ஆயுசைப் பத்திரம் எழுதியே கழித்தவன். பெயர், தகப்பன் பெயர், வயது, பாலினம் என்று கட்டம் கட்டமாக மனுஷனை இறக்கிவைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பிள்ளைகளா, உங்களுக்கு நீங்களே ஒரு பெயர் சூட்டிக்கொள்வதைப் பற்றி இந்தக் கிழவனுக்கும் சொல்லச் சில விஷயம் உண்டு.

முத்து வியாபாரம் நடந்த காலத்தில் இந்தத் தூத்துக்குடிக் கரையில் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. 20 ஓட்டை உள்ளதில் தொடங்கி 1000 ஓட்டை வரை. சலித்தபிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி என்று தரம் பிரிப்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. சல்லடைகளும் போன இடம் தெரியவில்லை. ஆனால் மனுஷரைச் சலிக்கிற பழக்கம் போகவில்லை. திருநர்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாம் வாங்குகிறவன், விற்கிறவன் வைத்த தரம்.

அரவாணி என்ற சொல் வந்தபோது, பழைய வசவுக்கு அது எவ்வளவோ மேலாக இருந்தது. 2008-ல் தமிழக அரசு அமைத்த வாரியத்துக்கும் அரவாணிகள் நல வாரியம் என்றுதான் பெயர் வைத்தார்கள். அரவான் என்கிற கூத்தாண்டவரின் கதையோடு எங்களை ஏன் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். திருநங்கை என்ற சொல் பரவியது. அதைத் தந்தவர் நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் என்பார்கள். அது ஆணாக வாழ்கிறவருக்குப் பொருந்தாது என்பதால் திருநம்பி வந்தது. இரண்டுக்கும் பொதுவாகத் திருநர். நடுவில் அரசு ‘மூன்றாம் பாலினம்’ என்று எழுதத் தொடங்கியதும், முதல் இரண்டு யார், எங்களுக்கு எதற்கு வரிசை எண் என்று கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை மாறியிருக்கிறது. ஆகவே இன்று உங்களுக்குப் பிடித்த சொல் நாலு வருஷத்தில் இறுக்கமாகத் தோன்றினால் பயப்படாதீர்கள். அரசாங்கமே மாற்றிக்கொண்டது, நீங்கள் மாற்றினால் என்ன?

ஆனால் தாளில் ஏறுகிற சொல்லுக்கு விலை உண்டு. அதை நம் மாவட்டத்துக்காரர், திருநர் உரிமைக்குப் போராடும் கிரேஸ் பானுவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். 2015-ல் தமிழக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கேட்க நல்ல செய்தி மாதிரிதான் இருந்தது. தலித்தாகவும் திருநங்கையாகவும் இருப்பவர் எந்தக் கட்டத்தில் நிற்பார் என்று கேட்டவர்களில் அவர் முன்னால் நின்றார். ஒன்றை எடுத்தால் மற்றது கைநழுவும். அதனால்தான் எல்லா சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கேட்டுப் போராடினார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் 1 சதவீதம் அப்படித் தரச் சொன்னது. தாளில் ஏறிய சொல் எப்போதும் கையைக் கட்டுவதில்லை என்பதும் உண்டு: கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் மாடு வாங்கி, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அந்தச் சங்கத்தின் பெயரிலும் திருநங்கை என்ற சொல் இருக்கிறது. ஆனால் கறந்த பாலை ஊற்றிவிட்டு ஒருவர் கையெழுத்துப் போடும்போது அவர் உறுப்பினர், அவ்வளவுதான்.

வீட்டில் சொல்வது வேறு சங்கதி. ஒருமுறை பெயர் மாற்ற விண்ணப்பம் எழுத ஒரு பிள்ளை ஆச்சியோடு வந்தது. அந்தப் பிள்ளை அரை மணி நேரம் ஆச்சிக்கு ஏதேதோ விளக்கம் சொன்னது. எல்லாம் சரியான வார்த்தைகள்தான், நோட்டில் வேறு எழுதி வைத்திருந்தது. ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்பம் சின்னவன் ஒன்ன அக்கான்னுதான கூப்பிடணும்?” என்றாள். ஆமா ஆச்சி என்றது. “அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான” என்று வெற்றிலையை மடிக்கப் போய்விட்டாள்.

நம் வீடுகளில் எவரும் எவரையும் வகைப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. அண்ணாச்சி, அக்கா, மதினி, மருமகள் என்று முறை சொல்லித்தான் வாழ்கிறோம். சொற்பட்டியலை வைத்து ஆச்சியோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்களுக்கு என்ன முறை வேண்டுமோ அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் முடிவாகவில்லையா, ‘அவர்’ இருக்கிறது. ‘அவன்’, ‘அவள்’ இரண்டிலும் மாட்டாமல் மரியாதையோடு நிற்க நம் பாஷை முன்பே வைத்திருக்கும் நாற்காலி. சிலர் கடைசிவரை அதிலேயே உட்காரலாம், யாரும் எழுப்பக் கூடாது.

கூட்டாளிகளுக்குள் ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் ஆயிற்றா, எப்போது தெரிந்தது, இந்தச் சொல் உனக்குப் பொருந்துமா என்று ஒருவரை ஒருவர் விசாரிக்காதீர்கள். அந்த வேலைக்கு ஊரில் ஆள் ஏராளம்.

பெயரை மாற்றுவது என்று ஆகிவிட்டால் சாவகாசமாகச் செய்யுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார், பான், மார்க் ஷீட், ரேஷன் கார்டு நாலிலும் இனிஷியலும் எழுத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு ‘எச்’ கூடினாலும் பேங்கில் திருப்பிவிடுவான். கெஜட்டில் பெயர் வந்த பக்கத்தை நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை யார் கேட்டாலும் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.