படத்தை வெட்டிப் பிறகு தேடுங்கள்

ஒரு படத்தைக் கொண்டே அதன் மூலத்தைத் தேடும் ரிவர்ஸ் இமேஜ் சர்ச்சில் பாதி வேலை, படத்தைத் தேடுபொறியில் ஏற்றுவதற்கு முன்பே நம் கணினியில் நடந்துவிட வேண்டும் என்பது படங்களைச் சரிபார்க்கும் தொழிலில் எனக்குள்ள உறுதியான கருத்து. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அப்படியே கூகுள் லென்ஸில் இழுத்துப் போட்டால், அது அதே படத்தை மட்டும் தேடாது. அதைப் போன்ற தோற்றமுள்ளவற்றையும் கொண்டுவந்து கொட்டும். மேலே ஒட்டிய சிவப்பு எழுத்தும் ஓரத்துச் சேனல் சின்னமும் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்த பேட்டரிக் குறியும் தேடலைக் குழப்பும். எனவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலில் இவற்றை வெட்டி எறிய வேண்டும். அடுத்து கடைப் பலகை, மலைமுகடு, பேருந்தின் நிறம் என்று துண்டு துண்டாக வெட்டித் தேட வேண்டும். இடவலம் மாற்றியும் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெரிய திரையில், லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ ஆகிய மூன்று படத் தேடல் தளங்களையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்து ஒப்பிட முடிவது டெஸ்க்டாப்பின் பெரிய வசதி.

ஒரே சொடுக்கில் விடை வரும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு, தங்கையை அணைத்தபடி இருக்கும் சிறுவனின் படம், அங்கே எடுத்தது என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. உண்மையில் அது 2007இல் வியட்நாமின் ஹா ஜியாங் மாகாணத்தில் நா சோன் நுயென் எடுத்த படம். இப்படிப் பரவிய படங்களைத் தேடும்போது பொய்யைச் சொல்லும் பக்கங்களே முன்னால் வந்து நிற்கும். எத்தனை பக்கங்கள் சொல்கின்றன என்பதை விட்டுவிட்டு, எது மிகப் பழையது என்று பார்க்க வேண்டும். டின்ஐ பழமை வரிசையில் அடுக்கித் தரும். ஆனால் அதிலுள்ள தேதி, டின்ஐ படத்தை முதலில் கண்ட தேதியே, படம் எடுத்த தேதி அல்ல. நிலநடுக்கத்துக்கு முந்தைய ஒரு பதிவு கிடைத்தாலே நேபாளக் கதை உடைந்துவிடும். எங்கே எடுத்தது என்பதற்கு எடுத்தவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: பிறர் முகத்தை யாருடைய சர்வருக்கோ அனுப்புகிறோமே என்பது. நியாயமான கவலை. பிணங்களும் குழந்தைகளும் உள்ள படங்களில் அது இன்னும் கூடுதல். அங்கேயும் வெட்டுவதுதான் கைகொடுக்கிறது. முகத்தை நீக்கிவிட்டுப் பின்னணிக் கட்டடத்தை மட்டும் ஏற்றினாலே பல சமயம் இடம் தெரிந்துவிடும்.

எதுவுமே கிடைக்காவிட்டால் படம் புதியது, ஆகவே உண்மை என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளும் பூட்டிய கணக்குகளுக்குள்ளும் இருப்பதைத் தேடுபொறி பார்ப்பதில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்புகளும் அழிந்திருக்கும். அவை இல்லை என்பதால் படம் போலி என்றும் ஆகாது. ஒன்றும் கிடைக்காத நாளில் "உறுதிசெய்ய முடியவில்லை" என்றே எழுதுங்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.