உம்மாவும் புளிச்ச மாவும்

வீட்டிலேயே சவர்டோ பாண் போடப்போகிறோம் என்று பெருமையடித்துக்கொண்டுதான் தொடங்கினோம். ஈஸ்ட் வாங்கத் தேவையில்லை. கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து வைத்தால், மாவில் இருக்கும் ஈஸ்டும் பக்டீரியாவும் பெருகிவிடும். வகுப்பில் நொதித்தல் படிப்பிக்கிற எங்களுக்கு இதெல்லாம் பெரிய விசயமா?

வெளிநாட்டு வீடியோக்களில் தினமும் பாதி மாவைக் கொட்டிவிட்டுப் புது மா சேர்க்கச் சொல்கிறார்கள். கொட்டப்போனபோது உம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"மா இல்லாம நிண்ட நாள் மறந்து பெய்த்தா ரெண்டு பேருக்கும்?"

2022இல் காஸ் வரிசையில் சிலிண்டரோடு விடிய விடிய நின்றவர்கள் நாங்கள். வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து 20 கிராம் மா, 20 கிராம் தண்ணீர்தான். எடுத்த பாதி தேங்காய்ப்பூவோடு ரொட்டிக்குப் போனது.

இரண்டாம் நாள் போத்தல் பொங்கியது. நான்காம் நாள் அசைவே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்தோம். முதலில் பொங்குவது வேறு பக்டீரியாக்களால், புளிப்பு ஏறியதும் அவை அடங்கி ஈஸ்ட் மெல்ல எழும்பும் என்பதைப் பிறகுதான் வாசித்தோம். உம்மா மூடியைத் திறந்து மணந்தார். "அப்ப மா மணம்தான். வைங்க." எட்டாம் நாள் நாலு மணித்தியாலத்தில் இரட்டிப்பாகியது.

முதல் பாண் கல். குளிர்நாட்டுக் கணக்கில் பிசைந்த மாவை இரவு முழுக்க வெளியே வைத்தோம், எங்கள் வெக்கைக்கு அது தளர்ந்து பரந்துவிட்டது. இப்போது ப்ரிஜ்ஜில் வைக்கிறோம். மீன் ஆணத்தில் தொட்டுச் சாப்பிட அருமை.

உம்மா அந்தப் பாணைத் தொடுவதில்லை. காலையில் போத்தலைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ரொட்டிக்கு எடுக்கல்லையா?" என்று மட்டும் கேட்பார்.