கூடு வேண்டாம், பாட்டு போதும்

தையல்சிட்டு இலையோரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துக் கூடு தைக்கிறது. கூட்டைப் படமெடுக்கத் தோதாக அந்த இலையை விலக்கிக் கட்டினால் குஞ்சின் மேல் வெயில் விழும், காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. ‘தாய்ப்பறவை திரும்பி வந்துவிட்டதே’ என்பார்கள். வந்தது பயம் தீர்ந்ததால் அல்ல, குஞ்சின் பசி இழுத்ததால். நாம் பக்கத்தில் நின்ற நேரமெல்லாம் அது இரை ஊட்டாமல் போன நேரம்.

கூட்டைப் படமெடுத்தால் ஆய்வுக்கு உதவாதா? உதவலாம், அதற்கும் இலையில் கைவைக்கத் தேவையில்லை. தள்ளி நின்று பாடும் பறவையை எடுத்து, இடமும் தேதியும் சேர்த்து ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் அதுவே நல்ல ஆவணம். வாலை நிமிர்த்திக் கத்தும்போது மட்டும் அதன் கழுத்தோரம் ஒரு கறுப்புத் திட்டு வெளிப்படும். கூட்டுப் படத்தில் அது கிடைக்காது.